சேவை செய்கிறவர்களிடமும் கேள்வி கேட்கலாம்

மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் பிறந்தநாள் கொண்டாடப் போனவர்கள், கட்டிலில் கிடப்பவருக்குக் கேக் ஊட்டுகிற அந்த வீடியோவைப் பற்றி இனி பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் கீழே நான் எழுதிய இரண்டு வரிக்கு வந்திருக்கும் பதில்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "நல்லது செய்கிறவரைக் குறை சொல்லவே சிலர் பிறந்திருக்கிறார்கள்." "அண்ணாச்சி அள்ளிக் கொடுக்கிறார், உங்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல்?" "முடிந்தால் நீங்கள் போய் ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்." கடைசியாகச் சொன்னவருக்குப் பிறகு வருகிறேன்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "படுத்திருப்பவருக்கு அப்படி ஊட்டாதீர்கள். அவர் சிரிக்கவில்லை, அவருக்குப் புரையேறுகிறது."

வீடியோவை இன்னொரு முறை பொறுமையாகப் பாருங்கள். அந்த மனிதர் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். கழுத்து பின்னால் சரிந்திருக்கிறது. ஒருவர் கேக்கை விரலால் அள்ளி வாயில் வைக்கிறார். அது இறங்குவதற்குள் அடுத்தவர் வைக்கிறார். இருமல் வருகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் இல்லத்தின் ஆட்கள் இருவர் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஒருவர்கூட அவர் கழுத்துக்குக் கீழே கை கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இதைக் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். அம்மா அவனுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சுவரோடு அணைத்து நேராக உட்கார வைப்பாள். தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும். ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றைச் சின்னக் கரண்டியின் நுனியில் எடுத்து வைத்துவிட்டு அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கினால்தான் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குப் படுக்க விடமாட்டாள். இதையே பின்னாளில் ஒரு பிசியோதெரபிஸ்ட் காரணத்தோடு சொன்னார்: படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்விடும், அங்கிருந்து நிமோனியா. இப்படிப்பட்டவர்களில் பலர் சாவது இதனால்தான்.

அம்மாவுக்கு ஒரு வேளைச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இல்லத்தில் இப்படி ஊட்டிவிட வேண்டியவர்கள் ஆறு பேர், ஊட்டுவதற்கு ஓர் ஆயா என்றால் மதியச் சாப்பாடு முடிய நாலரை மணி நேரம். அதற்குள் இரவுச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அந்த ஆயா என்ன செய்வார்? படுக்க வைத்துக் கஞ்சியை ஊற்றுவார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு இரண்டு கைதான். அதனால்தான் சொல்கிறேன், அன்பு மட்டும் போதாது. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும். இவை இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்கவும் வேண்டும்.

அம்மா போன பிறகு தம்பியை முதலில் சேர்த்த இல்லத்தைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. சுவரெல்லாம் நன்கொடையாளர் படங்கள், வாசலில் துளசி மாடம், பேசினால் அவ்வளவு பணிவு. நான் போனது அக்னி நட்சத்திர நாளில். பாளையங்கோட்டை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டான். காலியான பிறகும் விடவில்லை. விசாரித்தால், மாலை ஐந்து மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீர் கிடையாதாம். "ராத்திரிக்கு ஓர் ஆள்தான் இருக்கிறது அம்மா, எத்தனை பேருக்குத் துணி மாற்றுவது?" என்று வார்டன் சாதாரணமாகச் சொன்னார்.

அவன் உடம்பில் கிடந்தது வேறு யாருடைய சட்டையோ. துவைத்த துணியை ஒரே குவியலாகப் போட்டு, கைக்கு வந்ததை மாட்டிவிடுவார்கள். என் தம்பிக்குப் பை வைத்த சட்டைதான் வேண்டும், பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து அதில்தான் வைத்துக்கொள்வான். முப்பத்தெட்டு வயது ஆணுக்குத் தன் சட்டை என்று ஒன்று வேண்டும் என்பது ஆடம்பரமா? அங்கே சவரத்துக்கும் எல்லோருக்கும் ஒரே பிளேடுதான். பெண்களுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள், பேன் வருமாம். ஒரு வாரத்துக்குள் அவனை அழைத்து வந்துவிட்டேன். அழைத்துச் செல்ல யாரும் இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

"இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்கும் குறையா?" என்கிறீர்கள். முதலில், அது இலவசம் இல்லை. நீங்களும் நானும் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. இலவசமாகவே இருக்கட்டும், டிரைவர் நல்ல மனிதர் என்பதற்காக லைசென்ஸ் இல்லாமல் பஸ் ஓட்ட விடுகிறோமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஓர் இல்லத்தை நடத்தக் கூடாது, அந்தச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே சட்டத்தின் 92-ஆவது பிரிவைப் படியுங்கள். தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவோ நீரோ கொடுக்க மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் இல்லை என்பது நிர்வாக வசதி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"அரசாங்கம் என்ன கிழிக்கிறது, அதைக் கேளுங்கள்" என்கிறார் ஒருவர். கேட்கிறேன். அரசு மாதாமாதம் தரும் பராமரிப்பு உதவித்தொகையில் ஒருவருக்கு டயப்பர்கூட முழுதாக வாங்க முடியாது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, அங்கிருந்து யாராவது இந்த இல்லங்களுக்குச் சொல்லாமல் இரவில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காக இல்லம் நடத்துகிறவரிடம் கேட்கக் கூடாது என்று ஆகிவிடுமா?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஏர்வாடி, 2001 ஆகஸ்ட் 6. வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் ஏர்வாடி. அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள், 28 பேர் செத்தார்கள். அதற்கு முந்தின நாள் வரை அந்த இடமும் குடும்பங்களின் பாரத்தை இறக்கிவைத்த இடமாகத்தான் இருந்தது.

நல்ல இடம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 1981-இல் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் தாமே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். பாளையங்கோட்டையின் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு ஆண்டைத் தாண்டியவை. இந்த மண்ணுக்கு இந்த வேலை தெரியும். தெரிந்த ஊரில் இருந்துகொண்டு "ஏதோ செய்கிறார்களே, அது போதாதா" என்று கேட்கிறீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

சாப்பாடு போடப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஆடி அமாவாசையன்று ஒரே இல்லத்துக்கு மூன்று வீட்டிலிருந்து பாயசம் வருகிறது. அடுத்த வாரம் அங்கே டயப்பர் இருக்காது, வலிப்பு மாத்திரை தீர்ந்திருக்கும். வலிப்பு மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் வலிப்பு வரலாம். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதற்கு இரவில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளத்தை உங்கள் பிறந்தநாளுக்குக் கொடுங்கள். அதைப் படம் பிடித்துப் போட முடியாது என்பது எனக்கும் தெரிகிறது.

"நீங்கள் போய் ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றவரே, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பீ, மூத்திரம் அள்ளியிருக்கிறேன். வலிப்பு வரும்போது தலைக்கடியில் கை வைத்திருக்கிறேன். அதனால்தான் அந்த இருமல் எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை.

உள்பெட்டியில் இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "உங்கள் தம்பியும் ஓர் இல்லத்தில்தானே இருக்கிறான், பார்த்துப் பேசுங்கள்." அவர் அக்கறையாகச் சொன்னாரா, மிரட்டினாரா என்று தெரியவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெற்றோர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். கேட்டால் "அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள். எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனை எங்கே கூட்டிக்கொண்டு போவாள்?

அவருக்குச் சொல்கிறேன். தம்பி இப்போது இருக்கும் இல்லத்தை நடத்தும் அக்காவுக்கு இதை அனுப்பிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். "அந்த ஊட்டும் முறையைத் தனியாக எழுதித் தா, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்ணுக்குக் காட்ட வேண்டும்" என்று பதில் வந்திருக்கிறது. இன்று மாலை எழுதிக் கொடுக்கிறேன்.