அளக்கிறவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

நில அளவர்களுக்குச் சட்டம் வேண்டும் என்று நாங்கள் ஓர் அதிகாரியிடம் மனு கொடுக்கப் போன அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள். மேசைக்கு முன்னால் நிற்கிற 11 பேரில் இடமிருந்து மூன்றாவதாக, நீலச் சட்டையில், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவன் நான்தான். "இப்பதான் செல்போன்லயே நிலம் அளக்கலாமே, உங்களுக்கு எதுக்குங்க தனிச் சட்டம்?" என்று அதிகாரி கேட்டதும் அறையே சிரித்ததே, அதில் சிரிக்காத மூஞ்சியும் என்னுடையதுதான். மீம் போட்டவர்களுக்கு நன்றி. சட்டைக் கலர் நன்றாக விழுந்திருக்கிறது.

எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ஒரு நண்பர், "மனு கொடுக்கப் போனீங்களா, வேலை கேக்கப் போனீங்களா?" என்று சிரிப்பு பொம்மையோடு அனுப்பியிருந்தார். அவருடைய மனையை அளந்து கொடுத்தவனே நான்தான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அளவு பற்றி விதி எழுதும்போது அளக்கிறவனையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். மனுவின் மூன்று பக்கத்துக்கும் சாரம் இதுதான். அதைத்தான் ஒருவரும் படிக்கவில்லை.

வழக்கறிஞருக்கு 1961இல் சட்டம் வந்தது. கட்டடக் கலைஞருக்கு 1972இல் வந்தது. நிலம் அளக்கிறவனுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் இன்றுவரை இல்லை. யார் வேண்டுமானாலும் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, 'இங்கு சர்வே செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டிவிடலாம். அவர் தப்பாக அளந்தால் அண்ணன் தம்பி இருபது வருடம் கோர்ட்டுக்கு நடப்பார்கள். போர்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி நில அளவைச் சபையே இருக்கிறது. நாம் மட்டும் மேடைக்கு மேடை ராஜராஜன் காலத்திலேயே கோல் வைத்து அளந்தோம் என்று பெருமை பேசுவோம். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். அங்கே படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

சரி, செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். திறந்த வெளியில், நல்ல வானத்தில், ஒரு சாதாரண போன் காட்டும் இடம் 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிப்போகும். மனையின் முகப்பு 30 அடி என்று வையுங்கள். 3 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 10 அடி. மனையில் மூன்றில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாரை வார்த்துவிட்டு, மீதியில் வாசற்கால் வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்போ ட்ரோன்?" என்று கேட்பீர்கள். ட்ரோன் வேண்டாம் என்று எவன் சொன்னான்? என் கார் டிக்கியில் செயற்கைக்கோளை வைத்துத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் ரோவர் இருக்கிறது, அதற்கு இன்னும் 14 தவணை பாக்கி. எங்களைப் போய் தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர்கள் என்கிறீர்கள். ட்ரோன் மேலே இருந்து கிளுவை வேலியைப் படம் பிடிக்கும். அந்த வேலி போன ஆடியில் இரண்டு அடி நகர்ந்து வந்தது அதற்குத் தெரியாது. ட்ரோன் காட்டுவது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை. யாருக்கு உரிமை என்பதைப் புலப்படத்தை, அதாவது எல்லை அளவுகள் குறித்த அரசு வரைபடத்தை விரித்து, கல்லைத் தேடி, கோண அளவும் கிளை அளவும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை அந்த அறையில் சொல்ல வாய் திறந்தேன். வீடியோவில் அந்த இடம் வெட்டப்பட்டிருக்கிறது.

அப்பா செயின்மேனாக, அதாவது அளவைச் சங்கிலி பிடிக்கிறவராக இருந்தவர். வீட்டுப் பரணில் இன்னும் அந்தச் சங்கிலி கிடக்கிறது. 66 அடி, 100 லிங்க், பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை. சின்ன வயதில் லீவு நாளில் கூடவே போவேன். ஒருமுறை வரப்புச் சண்டையில் கல் கிடைக்கவில்லை. ஒரு பனைமரத்தடியில் அப்பா கடப்பாரையை மெதுவாக இறக்கி இறக்கிப் பார்த்தார். பத்துப் பதினைந்து குத்து சும்மா 'டொக் டொக்'. அப்புறம் ஒரு குத்தில் 'ணங்'. அப்பா குனிந்து விரலாலேயே மண்ணைத் தள்ளினார். தலையில் கூட்டல் குறி கொத்திய கல். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், அது எல்லைக்கல்லா வெறும் கல்லா என்று. அதுவரை மண்வெட்டியோடு நின்ற இரண்டு பேரும் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். எந்த ஆப்பில் அந்தச் சத்தம் வரும்?

எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

'சொந்த லாபத்துக்கு லாபி பண்ணுகிறார்கள்' என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆமாம் ஐயா, எங்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆலை முதலாளிகள் போனால் பிரதிநிதிகள் குழு, நாங்கள் போனால் கூட்டமா? ஆனால் வரைபடக்காரர்கள் கத்தியதால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்றும் கொஞ்சம் பாருங்கள். 2016இல் மத்திய அரசு ஒரு புவியிடத் தகவல் மசோதா வரைவை வெளியிட்டது. அனுமதி இல்லாமல் இடத் தகவலைச் சேகரித்தாலோ வெளியிட்டாலோ 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை. அது அப்படியே சட்டமாகியிருந்தால் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போடக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். தொழிலில் இருப்பவர்கள் எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள் நேர் எதிர்த் திசையில் போயின. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் போடலாம் என்றார்கள். நீங்கள் சோறு வரவழைக்கும் ஆப்புக்கும் அதில் பங்கு உண்டு. கேட்காமல் விதி எழுதினால் எப்படி இருக்கும், கேட்டு எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டெண்டர் பற்றியும் மனுவில் இருந்தது. யார் குறைவான விலை போடுகிறாரோ அவருக்கே வேலை. அமெரிக்காவில் 1972இல் வந்த புரூக்ஸ் சட்டப்படி, மத்திய அரசு வேலைக்கு முதலில் தகுதியைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விலை பேசுவார்கள். பொறியியலுக்கும் கட்டடக் கலைக்கும் மட்டுமில்லை, அளவைக்கும் அதே முறைதான். இங்கே நாங்கள் ஒருவரை ஒருவர் அறுத்துக்கொள்கிறோம். நானும் குறைத்துப் போட்டவன்தான், மறைக்கவில்லை. அப்படிப் போட்ட ஒரு வேலையில் அளவைச் சரிபார்க்க வைக்கிற கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் எத்தனையைத் தவிர்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

'சர்வேயர் என்றாலே காசு' என்ற கமெண்ட் வரும், தெரியும். நான் தனியார் சர்வேயர், சம்பளமும் கிடையாது, கிம்பளமும் கிடையாது. அரசு அளவர்களில் வாங்குகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய? ஒரு பதிவேடு இருந்து, தப்பு செய்தவன் பெயரை அதிலிருந்து அடிக்கலாம் என்றால் முதலில் கைதட்டுகிறவன் நான்தான். அதையும்தான் கேட்டோம். முதல் பக்கத்திலேயே இருந்தது.

சட்டம் வராவிட்டால் போகட்டும், வராமலே இத்தனை வருடம் ஓடிவிட்டது. காலை 10 மணிக்கு வரச் சொல்லி 3.30க்குக் கூப்பிட்டதும் போகட்டும், அதிகாரிகளுக்கு ஆயிரம் வேலை. அந்த அறையில் நாற்காலிகள் இருந்தன. காலியாகவே இருந்தன. எங்களில் இரண்டு பேருக்கு அறுபது வயதுக்கு மேல். ஒருவர் முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருடைய கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருப்பது வீடியோவிலேயே தெரிகிறது. அதற்கும் யாரோ மீம் போட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இப்போது 78. வீடியோவைக் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பேரன் காட்டிவிட்டான். மனுவைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு முறை பார்த்தார்.

"அந்த ஐயா உன்னை உக்காரச் சொல்லலியாடா?"

அது வீடியோவுக்கு முன்னாடியே உட்கார்ந்து பேசிவிட்டோம்ப்பா என்று சொன்னேன்.