ரோமைப் புதுக்கோட்டையிலிருந்து தொடங்கலாம்

உலக வரலாற்றுப் பாடத்தோடு நம் மரபையும் சேர்த்தால் மாணவர்களுக்கு ஆர்வம் வரும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. சரிதான், ஆனால் எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம். பாடம் முடிந்தபின் 'நம்மூரிலும் ரோமானியக் காசு கிடைத்தது' என்றால் அது வெறும் துணுக்கு.

1898-இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையலின் படத்தை முதலில் காட்டுங்கள். ரோமானியப் பொற்காசுகள்; பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளிவெட்டு. ஏன் வெட்டினார்கள்? பத்து நிமிடம் விவாதிக்கட்டும். நாணயமாகச் செல்லாமல் வெறும் தங்கமாக்கவே என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதைக் கடைசியில் சொன்னால் போதும். பிறகு, இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இழுத்துக்கொள்கிறது என்ற ரோமானிய எழுத்தாளர் பிளினியின் புலம்பல். பேரரசின் பொருளாதாரம் தானாகப் பேச்சில் வரும்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டை மட்டும் 'ரோமானியக் குடியிருப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். ரோம வணிகத்துக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள்.