அசையாத பிளக்கும் அவசர மாமாவும்

(காரின் பானெட் திறந்திருக்கிறது. மருமகன் இன்ஜினுக்குள் தலையை விட்டு, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் பார்க்கிறான். மாமா நீளமான ஓர் இரும்புக் குழாயோடு வருகிறார்.)

மாமா: தள்ளு, தள்ளு. ஸ்பேனர் பிடியில் இந்தக் குழாயை மாட்டி ஒரே அழுத்து அழுத்தினால் பிளக் என்ன, இன்ஜினே கழன்று வரும்.

மருமகன்: அதற்குத்தான் மாமா பயப்படுகிறேன். பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு இரும்பு. வருடக்கணக்காக ஈரமும் சூடும் பட்டுப் பட்டு இரண்டும் அரித்து ஒட்டிக்கொண்டிருக்கும், போதாததற்குத் திருகு மரை முழுக்கக் கரி. இந்த நிலையில் முரட்டுத்தனமாக முறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். மரையையும் உரித்துக்கொண்டு பிளக் வெளியே வரும்.

மாமா: வெளியே வருகிறதல்லவா? அதுதானே வேண்டும்!

மருமகன்: அப்புறம் புதுப் பிளக்கை எப்படி மாட்டுவீர்கள், துணி சுற்றியா?

மாமா: சரி சரி. நேற்று ராத்திரியே ஏதோ எண்ணெய் விட்டாயே, அது என்ன ஆயிற்று?

மருமகன்: ஊறியிருக்கிறது. முதலில் காற்றடித்துக் குழியில் கிடந்த மண்ணை எல்லாம் வெளியேற்றினேன், இல்லாவிட்டால் பிளக் கழன்றதும் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். இன்ஜினும் நன்றாக ஆறிவிட்டது. இப்போது மெல்ல, மெல்ல...

(கிறீச்.)

மாமா: அசைந்தது! சுற்று, சுற்று! ஏய், ஏன் திரும்ப வலப்பக்கம் போகிறாய்? கழற்றுகிறாயா, மாட்டுகிறாயா?

மருமகன்: இடப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று, உடனே கொஞ்சம் வலப்பக்கம், இரண்டு சொட்டு எண்ணெய், மறுபடி இடப்பக்கம். இப்படி முன்னும் பின்னும் ஆட்டினால்தான் கரி நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்கும். ஒரேயடியாகச் சுற்றினால் அந்தப் பொடியே ஆப்பு வைத்த மாதிரி மரையில் சிக்கிக்கொள்ளும்.

மாமா: இந்த வேகத்தில் போனால் பிளக் வருவதற்குள் உனக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

மருமகன்: எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள் மாமா.

மாமா: பார்த்தாயா, அவ்வளவு நேரம் ஆகிவிட்டது!

(கடைசியில் பிளக் முழுசாக வெளியே வருகிறது.)

மாமா: இதற்கா இவ்வளவு அலட்டல்? புதுசில் கிரீஸை நன்றாக அப்பிவிடு, அடுத்த தடவை வழுக்கிக்கொண்டு வரும்.

மருமகன்: மாட்டும்போதும் வழுக்குமே. எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாமல் அளவுக்கு மேல் முறுக்கிவிடுவோம். முலாம் பூசிய பிளக்கில் எதுவும் தடவ வேண்டாம் என்று பிளக் செய்யும் என்.ஜி.கே. நிறுவனமே சொல்கிறது. வாஷர் வைத்த 14 மி.மீ. புதுப் பிளக் என்றால் அடிவரை கையாலேயே திருகிவிட்டு, உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவுதான்.

மாமா: அரைச் சுற்றா! அதற்கு மேல் நம் மனத் திருப்திக்கு ஒன்று?

மருமகன்: மனத் திருப்திக்கு முறுக்கியதைத்தான் மாமா காலையிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

(போன் அடிக்கிறது. மருமகன் பேசிக்கொண்டே ஓரமாகப் போகிறான். பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம்.)

மாமா: முடிந்தது! அடுத்த பிளக்கை ஒரே அழுத்தில் எடுத்துவிட்டேன். என்னமோ எண்ணெய் என்றாய், எட்டில் ஒன்று என்றாய், ஆட்டு என்றாய். இதோ பார், எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது, பொட்டுக் கரி இல்லை!

மருமகன்: கொடுங்கள் பார்க்கலாம்... மாமா, இதில் மரை எங்கே?

மாமா: எந்த மரை?