ஃபினிஷ் செய்த பேஸ்மென்ட்: சதுர அடிக் கணக்கில் ஒரு தவறு

அமெரிக்காவில் வீடு வாங்குவோரிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: "மேலே 2,000 சதுர அடி, கீழே ஃபினிஷ் செய்த பேஸ்மென்ட் (சுவர்ப் பலகை, தரைவிரிப்பு எல்லாம் போட்டு வாழ ஏற்றதாக்கிய நிலத்தடித் தளம்) 1,000 என்றால் அது 3,000 சதுர அடி வீடு. சுவரெல்லாம் போட்டாயிற்று, ஈரக் கவலையும் இல்லை."

இரண்டுமே தவறு.

வீட்டின் பரப்பை அளக்க அமெரிக்காவில் பயன்படும் ஆன்சி இசட்765 (ANSI Z765) அளவீட்டு முறைப்படி, ஒரு தளத்தின் ஏதாவது ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலே அந்தத் தளம் முழுவதும் பேஸ்மென்ட்தான்; மேல்தளச் சதுர அடியோடு அதைக் கூட்டக்கூடாது. பின்பக்கக் கதவு நேரே தோட்டத்துக்குத் திறந்தாலும் விதி மாறாது. கடன் கொடுத்தவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம், 2022 ஏப்ரல் முதல் தான் வாங்கும் கடன்களுக்கான வீட்டு மதிப்பீட்டில் இந்த முறையைக் கட்டாயமாக்கியது. கீழ்த்தளத்துக்கு மதிப்பே இல்லை என்பதல்ல. அது தனியாக, பெரும்பாலும் குறைந்த விலையில் கணக்காகும். ஆக, அது 2,000 சதுர அடி வீடுதான்.

ஈர விஷயம் இதைவிட மோசம். ஃபினிஷ் செய்யாத பேஸ்மென்டில் கான்கிரீட் விரிசல், வெள்ளை உப்புப் படிவு, தண்ணீர் நின்ற கோடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஜிப்சம் பலகையும் கார்ப்பெட்டும் அவற்றை மறைக்கும், தடுக்காது. பின்னால் பூஞ்சை வளர இடமும் கொடுக்கும். (புதுப் பெயின்ட் வாசம் தூக்கலாக இருந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.)

"கீழே ஒரு படுக்கையறை" என்றால் ஜன்னலைப் பாருங்கள். பல மாநிலங்கள் தழுவியுள்ள ஐஆர்சி (IRC) எனும் வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பின்படி, அவசரத்தில் வெளியேறும் ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பேஸ்மென்டை ஃபினிஷ் செய்த வேலைக்கு பெர்மிட் வாங்கினார்களா என்று உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.