கோபம் விலையின் மீது என்றால், கூலியில் ஏன் கைவைக்கிறீர்கள்?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சிங்கப்பூரில் கப்பலேறிக் குடும்பத்துடன் சுற்றிவிட்டுத் திரும்பிய நம் ஊர் அண்ணன் ஒருவரின் பதிவை இங்கே இருக்கும் அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு கொக்டெயில் 14 டொலர், அதன் மேல் நூற்றுக்கு 18 சேவைக் கட்டணம், ஆக 16 டொலர் 52 சதம், நம் இலங்கைக் காசில் ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய் என்று பில்லைப் படம் பிடித்துப் போட்டதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அது கூடுதலான விலை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதே பதிவின் முடிவில், வரவேற்பு மேசைக்குப் போய்த் பணியாளர்களுக்காக ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தன் குடும்பத்தின் கணக்கில் ஏறியிருந்த நாளாந்தச் சேவைப் பணம் முழுவதையும் நீக்க வைத்ததை ஒரு சாமர்த்தியமாக எழுதி, "பல்லைக் காட்டுவதற்கெல்லாம் காசு கொடுக்க முடியாது" என்று முடித்திருந்தாரே, அதற்குக் கீழே நமக்குத் தெரிந்தவர்களே வரிசையாக வந்து சிரித்திருந்தார்களே, அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் பயணிகள் கப்பலில் பாரில் வேலை செய்தவன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை இந்தப் பதிவில் இன்னும் சில தடவை சொல்லவும் போகிறேன். பானத்தின் விலையை வைப்பது நிறுவனம். பார்டெண்டருக்கு அதில் ஒரு சதம் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கிடையாது. பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் இருந்து வருவதில்லை. மது, சூதாட்டக் கூடம், ஸ்பா, இணையம், கரைச் சுற்றுலா என்று கப்பலில் ஏறிய பிறகு பயணி செய்யும் செலவில் இருந்தே வருகிறது. கார்னிவல் கோர்ப்பரேஷன் 2024 இல் ஈட்டிய 25 பில்லியன் டொலரிலும் பங்கு ஏறத்தாழ இதுதான். டிக்கெட்டை மலிவாகக் காட்டுவதும், ஏறிய பின் மதுவில் அதைப் பிடிப்பதும் அந்த வியாபாரத்தின் திட்டமிட்ட கணக்கு. கரையில் நீங்கள் வாங்கும் போத்தலைக் கூடக் கப்பலில் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்தின் முடிவில்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு நாளுக்கு இவ்வளவு என்று விற்கும் மதுப் பொதியை அறையில் ஒருவர் வாங்கினால், அதே அறையில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. சிலவற்றில் ஒரு நாளைக்கு 15 மதுபானம் என்ற எல்லையும் உண்டு. இவ்வளவையும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுதியவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் நிற்கும் பையன் அவர்களில் ஒருவன் இல்லை.

அவன் எப்படிச் சம்பாதிக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்றாலும், அமெரிக்கப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் பார்ப் பணியாளரின் அடிப்படைச் சம்பளம் சிறியது. அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதி அந்த நூற்றுக்கு 18 இல் இருந்துதான் வருகிறது. நாளாந்தச் சேவைப் பணம் என்பது வேறு. அது பெரும்பாலும் அறையைச் சுத்தம் செய்பவருக்கும், உணவு மண்டபத்தில் பரிமாறுபவருக்கும், பயணியின் கண்ணில் படாமல் பின்னால் உழைப்பவர்களுக்கும் பிரிந்து போவது. அண்ணன் எழுதியதை இந்த இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசித்துப் பாருங்கள். கோபம் வந்தது கொக்டெயிலின் விலைக்கு. விலையை வைத்தது நிறுவனம். பணம் வெட்டப்பட்டதோ, தினமும் அவருடைய கட்டிலைச் சரிசெய்து, குளியலறையைக் கழுவி வைத்த மனிதருக்கு. அந்த மனிதர் அவருக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கூட விற்றிருக்க மாட்டார். இதைத்தான் நான் அவருடைய பதிவின் கீழே நாகரிகமாகவே கேட்டிருந்தேன். பதில் வரவில்லை, என் கருத்தை நீக்கிவிட்டார்.

கட்டாயம் இல்லை என்று நிறுவனமே சொல்கிறதே என்று சிலர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், பல நிறுவனங்களில் கேட்டால் நீக்கித் தருவார்கள். நிறுவனத்துக்கு அதில் ஒரு நட்டமும் இல்லாததால்தான் அவ்வளவு இலகுவாக நீக்கித் தருகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 14 டொலரில் ஒரு டொலரைக் குறையுங்கள் என்று அதே வரவேற்பு மேசையில் கேட்டுப் பாருங்கள், குறைக்க மாட்டார்கள். அண்ணன் அதைக் கேட்கவும் இல்லை.

சம்பளத்தை நிறுவனமே முழுமையாகக் கொடுக்கட்டும், பயணி ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. பிரித்தானியாவின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்தில் நாளாந்தச் சேவைப் பணத்தை எடுத்துவிட்டது. டிக்கெட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கி விற்கும் நிறுவனங்கள் வேறும் உண்டு. ஆகவே முடியாத காரியம் எதுவுமில்லை. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதினால் முதல் ஆளாக நான் கையெழுத்து வைப்பேன். ஆனால் அது நடக்கும் வரைக்கும் நடப்பில் இருக்கும் முறையில், அந்தப் பணத்தை நீக்கினால் கம்பனி திருந்துவதில்லை, ஒரு தொழிலாளியின் அந்த வாரத்துக் கணக்கு மட்டும் குறைகிறது. நுவரெலியாவில் ஒரு நல்ல ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் வரி என்று எல்லாம் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஏப்ரல் சீசனில் அறை வாடகை எங்கே போய் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அங்கே வரவேற்பு மேசைக்குப் போய், அறை விலை கூடிவிட்டது, ஆகவே பரிமாறிய பிள்ளைகளின் 10 வீதத்தை எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னதை நான் கேள்விப்பட்டதில்லை.

கப்பலில் வேலை செய்பவன் இங்கே ஒரு ஆசிரியரை விட அதிகமாகச் சம்பாதிக்கிறானே என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சில மாதங்களில் அப்படித்தான். ஒப்பந்தம் ஆறு மாதத்தில் இருந்து ஒன்பது மாதம் வரை போகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது, தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. கடலோடிகளின் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையான கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2006 இல் நிறைவேறி 2013 இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் 2017 இல் அதை ஏற்றது. 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலமும், ஏழு நாளில் 77 மணித்தியாலமும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே அது விதிக்கும் ஆகக் குறைந்த எல்லை. மிச்சம் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் வாரங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சிகளை முடித்து, மருத்துவப் பரிசோதனையில் தேறி, கடலோடியின் அடையாள ஆவணமான கடலோடிப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் வரை உள்ள செலவை வீடுதான் தாங்கியாக வேண்டும். என் வீட்டில் அதைத் தாங்கியது தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓய்வுபெற்ற அம்மாவின் சேமலாப நிதி. வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்துச் சேர்ந்த பணத்தை அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் தந்தார். வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அதே சமவாயம் சொல்கிறது. நம் பகுதியில் இடைத்தரகரிடம் கொடுத்து ஏமாந்த பிள்ளைகளின் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முதல் ஒப்பந்தத்தில் எனக்குப் பாரில் நிற்கும் வேலை கிடைக்கவில்லை. ஐஸ் வாளி தூக்குவதும், போத்தல் பெட்டிகளைக் கீழ்த்தளக் களஞ்சியத்தில் இருந்து மேல்தளத்துக்குக் கொண்டுபோவதும், கிளாஸ் துடைப்பதும்தான் வேலை. அமெரிக்கத் துறைமுகங்களில் சுகாதார அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறி நூறு புள்ளிக்குப் பரிசோதிப்பார்கள். 85 அல்லது அதற்குக் குறைந்தால் கப்பல் தோற்றதாகக் கணக்கு. ஆகவே ஐஸ் இயந்திரத்தின் மூலையில் ஒரு கறை இருந்தால் பதில் சொல்ல வேண்டியது அதைத் துடைக்கும் கடைசி ஆள். மேலதிகாரிகள் பார்த்துப் பார் மேசைக்கு ஏற்றிய பிறகும் நிம்மதி என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு போத்தலுக்கும் கணக்கு இருக்கிறது, ஊற்றுவது ஜிகர் என்ற சிறிய அளவுக் கிண்ணத்தால் அளந்துதான். அபாயச் சங்கு ஒலித்தால், சற்று முன்பு வரை சிரித்து உபசரித்துக்கொண்டிருந்த அதே பையன்தான் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு உங்களை ஒன்றுகூடும் இடத்துக்கு அழைத்துப்போக வேண்டியவன்.

நம் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டியில் நாட்டின் பெயரும் இருக்கும். ஒரு பயணத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு தமிழ்க் குடும்பம் ஆசையோடு அருகில் வந்தது. தம்பி இலங்கையா, எந்த இடம் என்று கேட்டார்கள். ஹட்டன் பக்கம் என்றேன். டவுனா, தோட்டமா என்று கேட்டார்கள். தோட்டம் என்றேன். அதன் பிறகு "தம்பி" போய் "டேய்" வந்துவிட்டது. அடுத்தடுத்த இரவுகளில், நம்ம ஆள்தானே, கொஞ்சம் கூட ஊத்து என்று தோளில் தட்டினார்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் அது என் கணக்கில் விழும் என்று பணிவாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் நண்பனுக்குப் பாஷை புரியாது, ஆனால் நடந்தது புரிந்தது. அவன் அந்த மேசையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை மற்றப் பக்கம் அனுப்பிவிட்டான். அந்தக் குடும்பமும் இறங்குவதற்கு முன் சேவைப் பணத்தை நீக்கிவிட்டுத்தான் இறங்கியது. பணம் போனது பெரிதில்லை. வேற்று நாட்டுக்காரர் முன்னால் நம்மவர் வாயில் இருந்து அந்த "டேய்" வந்தது இன்றைக்கும் வலிக்கிறது. "பல்லைக் காட்டுவதற்கெல்லாம்" என்ற வரியை வாசித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

இதில் எனக்கு அதிகம் தாங்க முடியாதது, எழுதியவர் யார் என்பது. 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் நம் இளைஞர்கள் கறுப்புச் சட்டையுடன் கூடி நின்றபோது, தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டும் என்று முகநூலில் முதலில் படம் மாற்றியவர்களில் அவரும் ஒருவர். அந்த 1,000 ரூபாய் 2021 இல்தான் வர்த்தமானியில் வந்தது, 1,350 ஆவதற்கு 2024 வரை காத்திருந்தோம். பறித்த கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று மேடையில் பேசத் தெரிந்தவர் அவர். நாள் முழுக்க மலையில் நின்றவளின் கூலி கடைசியில் தராசுக்கு முன்னால் நிற்கும் ஒருவரின் மனதைப் பொறுத்தது என்ற வேதனையை நம்மை விட அறிந்தவர் யார்? அப்படியிருக்க, இன்னொரு நாட்டு ஏழையின் கூலி தன் மனதைப் பொறுத்தது என்று ஆனவுடன், அரைப்பேர் கூட அவர் போடவில்லையே. முழுவதையும் அல்லவா வெட்டினார்.

மதுக்கடையான தவறணையால் அழிந்த தோட்டத்தில் பிறந்துவிட்டு மது ஊற்றும் தொழிலுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். என் தாய்மாமன் சம்பள நாளில் தவறணையைத் தாண்டி நேராக வீடு வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை, மாமியின் தாலிக்கொடி அடகில் இருந்து மீண்டதையும் பார்த்ததில்லை. நான் குடிப்பதில்லை. மதுவை வெறுப்பவர் மதுவை விடட்டும், அதை மனதார வரவேற்கிறேன். குடித்து முடித்த பிறகு ஊற்றியவனை இழிவாகப் பேசுவதற்கு அந்த வெறுப்பைக் காரணம் காட்டாதீர்கள்.

கப்பலில் வேலைக்குப் போனவர்களின் உயிர் ஒரு நாள் உங்களுக்கும் பெரிதாகத்தான் தெரிந்தது. 2020 ஏப்ரலில் உலகமே மூடிக் கிடந்தபோது எம்எஸ்சி மெக்னிஃபிகா கப்பல் கொழும்புக்கு வந்ததும், அதில் இருந்த ஒரே இலங்கைப் பணியாளர் காணொளியில் கெஞ்சிக் கேட்டதும், கடற்படை அவரை இறக்கியதும் நினைவிருக்கும். அன்று எல்லோரும் அவரைச் சகோதரர் என்றுதான் எழுதினீர்கள். 2022 இல் எரிவாயு வரிசையில் நின்ற காலத்தில், ரூபாய் விழுந்துகொண்டிருந்தபோது, எத்தனை தோட்ட லய வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தப் பிள்ளைகள் அனுப்பிய டொலரால் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அடுத்த விடுமுறையில் கப்பலில் போக இருக்கும் ஒரு நண்பர், அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும் என்று உள்பெட்டியில் கேட்டிருந்தார். டிக்கெட் விலையோடு ஆளுக்கு நாளாந்தச் சேவைப் பணம் எவ்வளவு என்பதையும் பதியும்போதே கேட்டுச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்தத் தொகை கட்டாது என்றால் சிறிய பயணமாக எடுங்கள். பானத்தின் பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கனவே சேர்ந்திருக்கும், அதற்குக் கீழே மேலதிகமாக எழுத இருக்கும் வெற்றுக் கோட்டை நீங்கள் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாளாந்தப் பணத்தை நீக்கிவிட்டு நீங்கள் கையில் கொடுக்கும் காசைப் பொதுவில் சேர்க்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, ஆகவே கையில் கொடுப்பதாக இருந்தால் அதை நீக்காமல் கொடுங்கள். விலை கூடிவிட்டது என்ற முறைப்பாட்டை, பயணம் முடிந்ததும் நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். அதே படிவத்தில் உங்களை நன்றாகக் கவனித்தவரின் பெயரைப் பட்டியில் உள்ளபடி பிழையில்லாமல் எழுதிவிடுங்கள். அடுத்த ஒப்பந்தமும் பதவி உயர்வும் தீர்மானிக்கப்படும்போது அதைப் பார்ப்பார்கள்.