கதீட்டர் தொற்றுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதா?

கதீட்டர் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய்) பொருத்தியவர்களுக்கு ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத சிறுநீர்த் தொற்று வராமல் தடுக்கும் ஊசி, சென்னை மருந்துக் கடைகளில் கிடைப்பதாக மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, அப்படியொரு தடுப்பூசிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை.

ஆனால் ஆராய்ச்சி உண்மை. குழாய் உரசிச் சிறுநீர்ப்பை புண்படும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கசிந்து குழாயின் மேல் படிகிறது. என்டெரோகாக்கஸ் கிருமி தன் நுண்ணிழையின் நுனியால் அதைப் பற்றிக்கொண்டு பெருகுகிறது. அந்த நுனிப் புரதத்தைக் குறிவைத்த தடுப்பூசி பலனளித்ததை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2014இல் காட்டியது. எலிகளில்தான்! பகிரப் பகிர அந்த விவரம் உதிர்ந்துபோயிருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் அனுமதி பெற்ற புதிய மருந்துகள், தடுப்பூசிகளின் பட்டியல்கள் உள்ளன. மனிதர்களிடம் சோதனை நடக்கிறதா என்று அறிய, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் மருத்துவ ஆய்வுச் சோதனைகளின் பதிவேட்டில் (CTRI) தேடலாம், கட்டணம் இல்லை. யாராவது ஊசியைக் காட்டி விலை சொன்னால், பெட்டியிலுள்ள மருந்தின் பெயரை முதலில் அந்தப் பட்டியலில் தேடுங்கள்.