இடது கண்ணில் மஞ்சள் வேட்டி

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்த நான்காம் நாள். மொட்டை மாடிக்கு வந்தவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியைக் காட்டி, "இதுக்கு நீலம் போட்டியாடா?" என்றாள். எங்கள் வீட்டில் துணிக்கு நீலம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

அப்புறம் அவளே கண்டுபிடித்தாள். இடது கண்ணை மூடினால் வேட்டி நீலம் பாய்ந்த வெள்ளை. வலது கண்ணை மூடினால் பழைய பேப்பர் மாதிரி மஞ்சள். நாலைந்து தடவை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டுல எதுடா நெசம்?"

வயதாக ஆக கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியை வடிகட்டிவிடும், புது லென்ஸ் அதை உள்ளே விடுகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "சரி, உனக்கு எப்படித் தெரியுது?" "வெள்ளையா." "உன் கண்ணு மட்டும் சரின்னு யாரு சொன்னா?"

பதில் வரவில்லை. இத்தனைக்கும் தத்துவப் புத்தகம் படிக்கிறேன் பேர்வழி என்று வீட்டில் ஓர் அலமாரியை அடைத்து வைத்திருப்பவன் நான்.

இந்தக் கேள்விக்கு ஆயிரத்தைந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பௌத்த அறிஞர் வசுபந்து தன் விம்சதிகை என்ற நூலை ஒரு கண் நோயாளியை வைத்துத்தான் தொடங்குகிறார். திமிரம் பிடித்த கண்ணுக்கு இல்லாத மயிரும் இல்லாத நிலாவும் தெரிகின்றன. அதைப் போலத்தான் நாம் வெளியே இருப்பதாக நினைக்கும் எல்லாமே, அறிவின் தோற்றம் மட்டுமே என்கிறார். ஐரோப்பாவில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்து 1641இல் கனவையும் ஏமாற்றும் பேயையும் வைத்துக் கேட்டது அதற்கு வெகுகாலம் பிறகு.

வசுபந்துவின் கட்சியை யார் மறுத்தார் தெரியுமா? சங்கரர். 'உலகமே மாயை' என்ற ஒரே வரியோடு நாம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் அதே சங்கரர்தான். பிரம்ம சூத்திர உரையில் அவர் சொல்லும் உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வெளிப்பொருளைக் கண்டுகொண்டே அது இல்லை என்பவன், சாப்பிட்டு வயிறு நிறைவதை உணர்ந்துகொண்டே "நான் சாப்பிடவும் இல்லை, எனக்கு நிறையவும் இல்லை" என்பவனைப் போன்றவன். தமிழில் சைவ அறிஞர் அருணந்தி சிவாச்சாரியாரும், சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில், வசுபந்துவின் கட்சிக்காரனான யோகாசாரனுக்கென்றே தனிப்பகுதி ஒதுக்கி மறுக்கிறார். பந்தியில் உட்கார்ந்தவனைக் காட்டும் சங்கரரின் உவமை, 1763இல் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து "இதோ, இப்படி மறுக்கிறேன்" என்ற ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் உதையைவிட எனக்கு நெருக்கம். கல்லில் காலே வலித்தாலும் வலி மனத்தில்தானே இருக்கிறது என்று எதிராளி கேட்டுவிடுவான்.

ஜான்சன் உதைத்தது பார்க்லி என்ற தத்துவவாதியை மறுக்க. உணரப்படுவதே ஒரு பொருள் இருப்பதன் அர்த்தம் என்று 1710இல் எழுதியவர் பார்க்லி. அவரை நினைக்கும் போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பின் பின்சுவர்தான் ஞாபகம் வருகிறது. புதுக் கண் வந்ததும் அம்மா முதலில் கண்ணாடியில் தன் முகச் சுருக்கத்தைப் பார்த்து அதிர்ந்தாள், அடுத்து சமையலறையைப் பார்த்து. குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான்தான் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. அது சேர்ந்த காலமெல்லாம் அம்மாவுக்குக் கண் மங்கல். நானோ அந்தப் பக்கமே போகாதவன். யாருமே பார்க்காமல் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. நாம் பார்க்காதபோது கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பார்க்லியின் பதில். அம்மாவிடம் சொன்னேன். "பார்த்துட்டே இருந்தாராக்கும். ஒரு துணியெடுத்துத் துடைக்கக் கூடாதா?"

என் கட்சி இதுதான்: புலன் ஏமாற்றுகிறது என்று சொல்வதற்கே உலகம் தேவைப்படுகிறது. இடது கண் தப்பு என்று அம்மா சந்தேகப்பட வலது கண் வேண்டியிருந்தது. அந்த வலது கண்ணுக்கு ஒரு டாக்டரும், கத்தியும், வெளியே எடுத்த பழைய லென்ஸும் வேண்டியிருந்தன. இத்தனையும் நிஜமென்று நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையின் மேல் நின்று "எதுவுமே நிஜமில்லை" என்பது, ஏணியில் ஏறி நின்றுகொண்டே ஏணி இல்லை என்று சொல்வது மாதிரி.

ஆனால் இதோடு வழக்கு முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. வசுபந்து கெட்டிக்காரர்; கனவில் கண்டது பொய் என்று விழிக்காதவனுக்குத் தெரியாது என்கிறார். ஒப்பிட இன்னொரு கண்ணே இல்லாத நிலை அது. அதற்கு என்னிடம் மறுப்பு கிடையாது. யாரிடமாவது இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

1939இல் மூர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு சொற்பொழிவில் "இதோ ஒரு கை, இதோ இன்னொரு கை, ஆகவே வெளியுலகம் இருக்கிறது" என்று இரண்டு கையையும் காட்டினார். கல்லூரி நாளில் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இன்னொரு தத்துவவாதியான விட்கன்ஸ்டைன் 1951இல் சாவதற்கு இரண்டு நாள் முன்புவரை அந்தக் கையைப் பற்றியே குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். மூருக்குக் கை இருப்பது 'தெரியும்' என்பதை அவர் ஏற்கவில்லை. கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் நிற்க வேண்டும் என்றார். கை இருப்பது நாம் நிரூபித்த சேதி இல்லை, மற்றதைச் சந்தேகிக்க நாம் ஊன்றிக்கொள்ளும் இடம். இது எனக்கு முக்கால்வாசி போதும். கீலே கனவில் இருந்தால் என்ற மிச்சக் கால்வாசி சில ராத்திரி மூன்று மணிக்கு வந்து உட்காரும்.

போன மாதம் அம்மாவுக்கு இடது கண்ணும் முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் காலையிலேயே மாடிக்குப் போய்விட்டாள். வேட்டியைப் பார்த்து ஒரு கண்ணை மூடினாள், மறு கண்ணை மூடினாள். இரண்டிலும் ஒரே வெள்ளை.

"முன்னாடி ஒண்ணு சொன்னா இன்னொண்ணு இல்லைன்னு சொல்லும்" என்றாள். "இப்ப ரெண்டும் கூட்டு சேர்ந்துக்கிச்சுடா."